குதிகாலில் ஒரு கரிப்பொட்டு

கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து செப்பலும் அவன் மனைவி குன்ஸெஸும் சோரோலின் கைக்குழந்தையை வாங்கிப்போக வந்துவிட்டார்கள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லாதவர்கள். முதுகில் சுமக்கும் கூடைக்குள் ஆட்டுரோமம் பரப்பி, அதன்மேல் புதுத்துணி விரித்து, கோயில் சிலையை எடுத்துப்போக வந்தவர்கள் மாதிரி வாசலில் பயபக்தியோடு நின்றார்கள். அந்தக் கூடையைப் பார்த்ததும் சோரோலுக்கு நிம்மதியாக இருந்தது. பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொடுக்கும்போது ஒருத்திக்கு நிம்மதி வருமா? அவளுக்கு வந்தது.

மூத்த மகள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. நாலு வயசு. ஆறு உறைந்து, கணவாய் பனியில் மூடிக்கிடந்த நேரத்தில் காய்ச்சல் வந்தது. மருந்துக்கு ஆள் அனுப்ப வழியில்லாமல் அது அவளைக் கொண்டுபோயிற்று. அதற்குப்பின் அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகிற வழியில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள், பாதையைத் தவறவிடுவார்கள்.

அவள் செத்த அன்று சோதிடர் வந்து ஏட்டைப் புரட்டினார். பன்னிரண்டு விலங்கு வருஷங்களில் செம்மறி வருஷத்தில் பிறந்தவர்கள் இந்த உடலைத் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது, மீறினால் வீட்டில் இன்னொரு சாவு என்றார். அந்த வீட்டில் செம்மறி வருஷத்தில் பிறந்தவள் சோரோல் ஒருத்திதான். பெற்றவளை அடுப்படியிலேயே உட்காரவைத்துவிட்டு, பங்காளி வீட்டு ஆண்கள் மாடியில் பிள்ளையைத் துணியில் கட்டத் தயாரானார்கள்.

சோரோல் அழவில்லை. அழுதால் அந்தக் கண்ணீர், போகிறவளின் வழியில் ஆலங்கட்டியாக விழும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் மனதில் வேறொரு வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. சின்னப்பிள்ளை செத்தால், எடுத்துப்போகும் முன் பானைக் கரியை வெண்ணெயில் குழைத்து உடம்பில் ஓரிடத்தில் பொட்டு வைப்பது வழக்கம். அடுத்த பிறவியில் அதே இடத்தில் மச்சமாக வரும். பெற்றவள் பார்த்துக் கண்டுகொள்வாள். லாமாக்களுக்கு இது பிடிக்காது. பற்று என்பார்கள். பிள்ளைகுட்டி இல்லாதவர்கள், சொல்லிவிட்டுப் போகலாம்.

கொழுந்தன் மனைவி யாங்டோலைக் கூப்பிட்டுக் கரியைக் குழைத்துக் கையில் கொடுத்தாள்.

"வலது குதிகால்ல வை. நல்லா அழுத்தி வை. மூஞ்சில கீஞ்சில வச்சுடாதே, நாளைக்கு அவளுக்குத்தான் அசிங்கம்."

யாங்டோல் மாடிப்படி ஏறிப்போனாள். கொஞ்ச நேரத்தில் கருத்த விரலோடு இறங்கிவந்தாள்.

"வச்சுட்டேன்க்கா."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் சோரோல் எழுந்து நடமாடினாள். ஊரில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் வெண்ணெயும் பார்லி மாவும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள். வாழ்த்துச் சொல்லும்போதே கை துணியை அவிழ்த்துக் குதிகாலைத் தேடும். "வந்துட்டாய்யா சுங்கச்சாவடிக்காரி, மூட்டையப் பிரிக்காம விடமாட்டா" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

பிறகு அவளுக்கே ஒரு பெண் பிறந்தது. தொப்புள்கொடி அறுப்பதற்கு முன்பே வலது காலைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. யாங்டோல் பதற்றத்தில் கால் மாற்றி வைத்திருப்பாளோ என்று இடது காலையும் பார்த்தாள். அதுவும் சுத்தம்.

"இவ இல்ல" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பால் கொடுத்தாள், துடைத்துவிட்டாள், கொஞ்சவில்லை. குழந்தை அவள் காதுமடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும். மூத்தவளும் அப்படித்தான்.

"பாரு, அச்சு அசல் அவளேதான்" என்றான் கணவன் மோரூப்.

"எல்லாப் பிள்ளையும் எதையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கும். குதிகாலப் பாரு."

செப்பல் வீட்டிலிருந்து பிள்ளையைக் கேட்டு ஆள் வந்தபோது மோரூப் முடியாது என்றான். அவள்தான் பிடிவாதமாக நின்றாள்.

"மடி காலியா இருந்தாத்தானே அவ வருவா? இவ உக்காந்திருந்தா எங்க வந்து உக்காருவா?"

கடைசியில் மோரூப் சம்மதித்தான். அவனும் அதே ஊரில் பிறந்தவன்தான்.

இப்போது வெண்ணெய்த் தேநீர் குடித்தாயிற்று. மோரூப் குழந்தையின் கழுத்தில் வெள்ளைச் சால்வையைப் போட்டான். அதைப் போட்டால் கொடுத்தது கொடுத்ததுதான். கணவாய் ஏறும் குழந்தைக்குப் பேய் பிசாசு அண்டாமல் மூக்கில் கரி தீட்டவேண்டும். அது பெற்றவளின் வேலை. சோரோல் பானை அடியில் விரலைத் தேய்த்து மூக்குநுனியில் வைத்தாள். குழந்தை தும்மிவிட்டு அவள் காதுக்குக் கையை நீட்டியது. அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, குடுக்காதீங்கக்கா" என்று மெல்லச் சொன்னாள் மூலையில் நின்ற யாங்டோல்.

"உனக்கு என்ன வந்துச்சு?"

குன்ஸெஸ் குழந்தையை வாங்கிக் கூடையில் உட்காரவைத்தாள். செப்பல் கூடையை முதுகில் ஏற்றினான். கூடைப் பிள்ளைகள் பின்பக்கம் பார்த்துத்தான் உட்காரும். கரிமூக்கோடு வீட்டைப் பார்த்தபடியே குழந்தை போயிற்று. பார்லி வயல்களைத் தாண்டி அவர்கள் மேட்டில் ஏறத் தொடங்கிய பிறகுதான் யாங்டோல் ஓவென்று அழுதபடி கீழே உட்கார்ந்தாள்.

"நான் வைக்கலக்கா. அன்னிக்கு நான் உள்ளேயே போகல."

சோரோலுக்கு முதலில் புரியவில்லை.

"எனக்கு அப்ப நாள் தள்ளிப்போயிருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. முன்னாடி ஒண்ணு கலைஞ்சதால பயம். வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு சாவு கிடக்குற ரூமுக்குள்ள எப்படிப் போவேன்? படியிலயே நின்னேன். விரல்ல கரி இருந்துச்சு, அப்படியே இறங்கி வந்துட்டேன். பாவம் பாருங்க, அந்தப் பிள்ளையும் தங்கல."

"ரெண்டு வருஷமா சொல்லலையே, பாவி."

"எப்படிச் சொல்றது? நீங்க அந்தக் கரியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே எழுந்து நின்னீங்க."

சோரோல் அவளை அடிக்கவில்லை. அடிக்கக் கையை ஓங்கியவள் தன் விரலிலும் கரி இருப்பதைப் பார்த்தாள். உடனே வெளியே ஓடினாள். வயல் வரப்பில் மோரூப் அவளைப் பிடித்து நிறுத்தினான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான். அவன் முகம் செத்துப்போனது.

"சால்வை போட்டாச்சு. என்ன சொல்லித் திருப்பி வாங்குவ? இவதான் அவள்ன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. ஒருவேளை இவள்தான். ஒருவேளை எந்த வீட்டிலோ பிறந்து, சோரோலே துணியை விலக்கிச் சுத்தமான குதிகாலைப் பார்த்து மறுபடி மூடிவிட்டு வந்த பிள்ளைகளில் ஒன்று. இனி உலகத்தில் எந்தக் காலைத் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. அவனை உதறிவிட்டு மேட்டில் பாதிவரை ஓடினாள். மூச்சு வாங்கியது. கூடை வளைவை நெருங்கிவிட்டிருந்தது.

சோரோல் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். இரண்டு வருஷமாக யாரும் சொல்லாத பெயர் மலையில் மோதித் திரும்பி வந்தது.

கூடைக்குள் குழந்தை சட்டென்று தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. கையை நீட்டியது. பெயருக்குத்தான் நிமிர்ந்ததா? அத்தனை சத்தமாகக் கத்தினால் எந்தக் குழந்தையும் நிமிர்ந்து பார்க்கும்.

பெயர் குன்ஸெஸுக்கும் கேட்டது. அது செத்த பிள்ளையின் பெயர் என்று அவளுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற குழந்தையைப் பார்த்துச் செத்தவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எந்தத் தாய் நிற்பாள்? பதறிப்போய்த் தன் போர்வையை இழுத்துக் குழந்தையின் முகத்தையும் காதையும் சேர்த்து மூடினாள். "நிக்காதே, நட, நட" என்று புருஷனை முன்னால் தள்ளிக்கொண்டு வளைவைத் தாண்டினாள்.