எதிரே நிற்பவர் தெரிகிறாரா?

டாக்சிக்காரர் அந்த அட்டைப்பெட்டியைக் கார் பட்டறை மேசைமேல் வைத்த பவிசைப் பார்த்தால், உள்ளே வைரம் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருந்தவை இரண்டு எச்.ஐ.டி. பல்புகள், ஹெட்லைட்டில் மாட்டினால் கண் கூச எரியும் ரகம்.

“அக்கா, ரோடே பகல் மாதிரி ஆயிடணும். மாட்டி விடுங்க.”

வயரக்கா பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. அந்தப் பட்டறையின் எலக்ட்ரீஷியன் அவர். பதினாறு வருடம் கார் வயரிங்கோடு மல்லுக்கட்டிச் சம்பாதித்த பெயர் அது. “உங்க ஹெட்லைட் சாதா ஹாலஜன் பல்புக்காகச் செஞ்சதுண்ணே. இதைப் போட்டா வெளிச்சம் கண்டபடி சிதறி, எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும். நான் மாட்ட மாட்டேன்.”

முதலாளிக்குச் சுருக்கென்றது. எதிர்க்கடையில் வாரம் பத்து வண்டிக்கு இதையேதான் மாட்டுகிறார்கள். இந்த அம்மா என்னடாவென்றால் வந்தவரை விரட்டுகிறாள்!

“ஏம்மா, இது என் பட்டறையா, உன் பட்டறையா? மாட்டு. இல்லேன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராதே.”

பிழைப்பே போகும் என்று தெரிந்தும் வயரக்காவின் வாய் அடங்கவில்லை. “ஒரு பக்கம் மட்டும் மாட்டறேன் முதலாளி. நீங்க அந்தக் கோடிச் சுவர்கிட்ட நின்னு பாருங்க. அப்புறம் என்னை அனுப்புங்க.”

பல்பை மாட்டிவிட்டு, உள்ளே இருட்டாக ஷட்டரை இறக்கும் நேரத்தில், முதலாளியம்மா பக்கவாசல் வழியாகச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். முதலாளி அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வயரக்கா உதட்டில் விரல் வைத்து, அந்த அம்மாவைக் கார் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார்.

புது விளக்கு எரிந்தது. முதலாளி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“வண்டிப் பக்கத்துல யாராவது தெரியறாங்களா?”

“ஒரு மண்ணும் தெரியல! யாரும் இல்ல. அணைச்சுத் தொலை!”

“யாரும் இல்லையா?” என்றது இருபத்திரண்டு வருடமாக அவரை நடுங்க வைக்கும் குரல். “குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். கட்டின பொண்டாட்டி கண்ணுக்குத் தெரியலியா?”

டாக்சிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. தினமும் ஸ்கூட்டரில் ரோட்டைக் கடந்து வருகிறவள் இவள். எதிரே வருகிறவன் கண்ணில் இப்படி வெளிச்சம் அடித்தால், அவனுக்கும் இவள் தெரிய மாட்டாள்.

வயரக்கா அதை அணைத்துவிட்டு, மறுபக்கத்துப் பழைய ஹாலஜனைப் போட்டார். இப்போது மனைவியின் முறைப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது.

“ஆனா மங்கலா எரியுதே அக்கா?” என்றார் டாக்சிக்காரர்.

“பல்பு மேல பழி போடாதீங்க. விளக்குக் கண்ணாடி மஞ்சளா பழுத்துப் போயிருக்கு, எர்த் ஒயர் துருப்பிடிச்சுக் கிடக்கு.”

ஒரு மணி நேரம். பழைய பல்பு திரும்பவும் ஏறியது, கண்ணாடி தேய்த்துப் பளபளப்பானது, ஒயர் மாறியது. விளக்கின் குறியையும் தாழ்த்திச் சரிசெய்தார். வெளிச்சம் தரையில் பாய் விரித்தாற்போல் நீண்டு விழுந்தது. சுவரில் இடுப்புக்கு மேலே ஏறவில்லை.

“அடேங்கப்பா! இது என் வண்டிதானா?” டாக்சிக்காரர் துள்ளினார். வயரக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஷட்டரைத் தூக்கினால், வாசலில் இன்னொரு ஆள் அதே மாதிரிப் பெட்டியோடு நிற்கிறார்! முதலாளி வயரக்காவை முந்திக்கொண்டார்.

“இந்தப் பட்டறையில விளக்கு விஷயத்துல இந்த அம்மா சொல்றதுதான் சட்டம். அதை எடுத்துட்டுப் போங்க சார். நமக்கு ரோடு தெரியணும்னு அடுத்தவங்க கண்ணைக் குருடாக்கக் கூடாது. எதிர்ல வர்றது நம்ம வீட்டு ஆளாவும் இருக்கலாம்!”