ஒன்பது பி-யில் ஒரு யூதப் பெண்

பஞ்சவர்ணத்தின் தாவணியில் மஞ்சள் துணி நட்சத்திரத்தைக் குத்திவிட்டவள் அதே பெஞ்சில் உட்காரும் பார்வதம். ஊக்கு தோளில் நறுக்கென்று ஏறியது.

"இன்னாடி, இதுக்கே நெளியறே?"

ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. 1988. சரித்திர வாத்தியார் மனோகரனுக்கு ஹிட்லர் பாடத்தை வெறுமனே வாசித்துவிட்டுப் போக மனசில்லை. பிள்ளைகள் நெஞ்சில் ஆணியாய் இறங்க வேண்டும் அவருக்கு.

"இன்னிக்கு இவ யூதப் பொண்ணு, யூதனுக்கு அடையாளம் அந்த நட்சத்திரம். நீங்கல்லாம் ஹிட்லரோட நாஜிங்க" என்றார். "யுத்தத்துல தோத்ததுக்கு யூதன் காரணம், வேலை கிடைக்காததுக்கு யூதன் காரணம்னு கட்டிவிட்டாங்க. அவன் கடையில வாங்காதேன்னாங்க. நம்ம பெஞ்சுல உட்காராதேன்னாங்க. கடைசியில குழந்தை குட்டியோட லட்சம் லட்சமாக் கொன்னாங்க. எல்லாத்துக்கும் ஆரம்பம் பொய்! எங்கே, ஆளுக்கொரு பொய் சொல்லுங்க இவ மேலே. போர்டுல எழுதறேன்."

"சாக்பீஸ் துன்றா சார்!" என்றான் சுலைமான்.

"நாங்க மேட்ச்ல தோத்தது இவளாலதான் சார்!" இது தேவராஜ்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பஞ்சவர்ணமும் சிரித்தாள். சிரித்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பியவள் சட்டென்று முகத்தை இழுத்துக்கொண்டாள்.

வெளியே, ஒரு தொட்டியை முடித்துவிட்டு அடுத்த கக்கூஸ் தொட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார் சின்னசாமி. அவளைப் பெற்ற அப்பா. அம்பத்தூர்ப் பக்கமே வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டர் இன்று இங்கே அனுப்பித் தொலைத்திருக்கிறான்.

பள்ளியில் சேர்ந்த அன்றே, அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர் என்று அளந்திருந்தாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இரண்டாம் பெஞ்சில் இடம், எல்லோருடைய டிபனிலும் பங்கு. நிஜம் வெளிப்பட்டால் அத்தனையும் போச்சு.

பார்வதம் எழுந்தாள். "சார், இவ அப்பா ஃபிட்டரே இல்ல. கக்கூஸ் தொட்டியில எறங்குற ஆளு. அயனம்பாக்கத்துல எங்க அத்தை ஊட்டாண்ட ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துகீறேன்."

எல்லாத் தலையும் பஞ்சவர்ணம் பக்கம் திரும்பியது.

மனோகரன் கைதட்டினார். "சபாஷ்! இதான்யா நாஜி மூளை! ஊர் பேரைச் சேர்த்து, அத்தையைச் சேர்த்து, பொய்யை எப்படி ஜோடிச்சிருக்கா பாருங்க!" போர்டில் அதைப் பெரிசாக எழுதினார். "எழுந்திரும்மா. இது பொய்தானே? சத்தமாச் சொல்லு."

"பொய் சார்."

"அந்தாளே பின்னால நிக்கறாரு சார்" என்றாள் பார்வதம் நிதானமாக. "கூப்ட்டு கேட்டுடலாமே?"

வாத்தியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இப்படி ஒரு சாட்சி எந்தப் பாடத்துக்குக் கிடைக்கும்? "யோவ்! இங்க வாய்யா!"

முழங்கால்வரை கறுப்புச் சேறு வழிய, சின்னசாமி ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டது.

"இந்தப் பொண்ணை உனக்குத் தெரியுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். காலையில் தன் கையால் பின்னிவிட்ட ஜடை. தோளில் ஏதோ மஞ்சள் துணி. அவரைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிற கண். ஒரே ஒரு நொடி.

"தெரியாது சார். பெரிய ஊட்டுப் பொண்ணு மாதிரி கீது. நமக்கெப்டி தெரியும்?"

"பார்த்தீங்களா! பொய் உடைஞ்சுது!" மனோகரன் போர்டைப் பரபரவென்று அழித்தார். "பாவம், வெயில்ல நிக்கறான். யாராவது தண்ணி குடுங்கப்பா."

"பஞ்சவர்ணமே ஊத்தட்டும் சார்" என்றாள் பார்வதம்.

சின்னசாமி இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் அவருக்கு எப்படி ஊற்றுவார்களோ, அப்படியே டம்ளரை உயரத் தூக்கி, விரல் படாமல், ஜன்னல் கம்பிக்கு வெளியே ஊற்றினாள் மகள். பாதி அவர் மார்பில் சிந்தியது.

"போதும் தாயி" என்றார். திரும்பிப் பார்க்காமல் போனார்.

மணி அடித்தது. மனோகரன் திருப்தியாகக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டார். பார்வதம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு. நான் யாராண்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் காதோரம். "ஆனா இனிமே எங்க டிபன் டப்பா எல்லாத்தையும் நீதான் கழுவறே. அவரு வந்து நின்ன இடத்தையும் இப்பவே போய்க் கழுவிடு. நாறுது. இன்னா?"

வெளியே அப்பாவின் தலை தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"சரி" என்றாள் பஞ்சவர்ணம். வாளியைத் தேடி எழுந்தாள்.