அடிப்படைவாதி: எடுத்துக்காட்டு வாக்கியம் தேவை

1
இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. முன் இருக்கைப் பெண் கைப்பேசியில், "அவன் அடிப்படைவாதி ஆயிட்டான், விடு" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். யார் அந்த 'அவன்' என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். (கோழைத்தனத்துக்கு எழுத்தாளர்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர் கற்பனை.)

2
அவளை ஓர் அகராதி அலுவலகத்தில் உட்கார வைத்தேன். எடுத்துக்காட்டு வாக்கியங்களை அங்கே யாரும் இட்டுக்கட்டக் கூடாது. யாரோ எங்கோ உண்மையில் சொன்னதாக இருக்க வேண்டும். 'அடிப்படைவாதி'க்கு வந்து குவிந்தவை எல்லாம் வசவுகள். எதிர்மதத்தைத் திட்டியவை, எதிர்க்கட்சியைத் திட்டியவை. தன்னையே அப்படிச் சொல்லிக்கொண்டவன் ஒருவன்தான். அவளுடைய அண்ணன்.

3
அண்ணன் நீண்ட தாடியும்

(அடித்துவிட்டேன். தாடி வைத்தால் மீதியை நீங்களே முடிவுகட்டிவிடுவீர்கள்.)

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மூல நூலில் உள்ளபடிதான் வாழ வேண்டும் என்ற சபை ஒன்றில் சேர்ந்தான். சபைக்கு வெளியே இருப்பவர்கள் வீட்டில் சாப்பிடக் கூடாதாம். தங்கை வீட்டிலும்தான். அப்பாவின் ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கேட்டேவிட்டாள்.

"உன்னை அடிப்படைவாதின்னு சொல்றாங்கண்ணா."

"ஆமா, அடிப்படைவாதிதான். அடிப்படைய விட்டுட்டா அப்புறம் மிச்சம் என்ன?"

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இந்தப் பெயரை முதலில் சூட்டிக்கொண்டவர்களும் இப்படித்தான் பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள்.* அகராதியில் அந்தப் பெருமைக்கும் ஓர் இடம் வேண்டும்.

* வசவானது பிறகு. எந்த ஊரில், யார் வாயில் என்று இங்கே விளக்கினால் கதை கட்டுரையாகிவிடும்.

4
சொன்னவரிடம் சம்மதம் கேட்பது அலுவலக வழக்கம். போன் செய்தாள்.

"அர்த்தம் என்ன எழுதியிருக்க?" என்றான்.

படித்தாள்: "கொள்கையின் மூலக் கருத்துகளை அப்படியே பற்றிக்கொண்டு, மாற்றுக் கருத்தைப் பொறுக்காதவர்."

"பொறுக்காதவர்னு எழுதினது ஆபீஸா, நீயா?"

"நான்தான்."

"உன்னை நான் எப்பம்மா பொறுக்காம இருந்தேன்?"

வேலை, விதி எல்லாம் மறந்து, பேரம் பேசினாள்.

"என் வீட்ல வந்து ஒரு வாய் சாப்பிடுண்ணா. அந்தச் சொல்ல எடுத்துடறேன்."

5
முடிவு ஒன்று: வருகிறான். அவனுக்கு அந்த வரையறை பொருந்தாமல் போகிறது. சபை அவனை ஒதுக்குகிறது.

முடிவு இரண்டு: வரவில்லை. வரையறை சரி. அண்ணன் இல்லை.

மூன்றாவதாக ஒன்று எழுதத் தொடங்கி

அண்ணன் இன்னும் போனை வைக்கவில்லை. நீங்கள் அவனாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? தங்கையாக இருந்தால் என்று நான் கேட்கவில்லை. இதுவரை எல்லோரும் தங்கையாகத்தானே படித்துக்கொண்டு வந்தீர்கள்.