மூன்றாவது கம்பி

பன்னிரண்டு வருடம் அடுத்தவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அடுத்தவருக்காகப் பாட்டுப் பதிவு செய்தவளுக்கு, அன்று காலை சொந்த ஸ்டூடியோவில் முதல் பதிவு. மாடியில் மூன்று அறைகள். சுவரில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. கதவைத் திறந்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மைக்கை ஓர் அங்குலம் நகர்த்துவாள், பாடும் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஓடிவந்து ஹெட்போனை மாட்டிக் கேட்பாள், மறுபடி ஓடுவாள்.

"நீ ஓடுற ஓட்டத்துல மாடி கீழ எறங்கிடும்," என்றார் கணவர். தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஒயர் சுற்றவும் டீ வாங்கவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

பாட வந்தவன் ஒரு கிட்டார்க்காரன். எல்லோரும் அவனை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஒத்திகைக்கும் ஒரு மணி நேரம் தாமதமாக வருவதால் கிடைத்த பெயர் அது. அன்று மட்டும் அரை மணி முன்னாலேயே வந்து படியில் உட்கார்ந்திருந்தான். இத்தனை நாள் மற்றவர்கள் பாட்டுக்குப் பின்னால் நின்று வாசித்தவன், முதல் தடவையாகத் தானே எழுதியதைத் தானே வாசித்துப் பாடப்போகிறான். நான்கு மணிக்கு ரயில். ஏறிவிட்டால் ஆறு மாதம் கப்பலில் வாசிக்கும் வேலை; அதற்கு முன் பாட்டைப் பதிய இன்று ஒரு நாள்தான்.

கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியை ஆன் செய்தான். ஒரு வரி பாடிப் பார்த்தான். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல், குறட்டை விடும் ஆள் யாரோ உள்ளே படுத்திருப்பது போல.

"போச்சு," என்றான் மின்னல். முகம் தொங்கிவிட்டது.

அவளுக்கோ கை துறுதுறுத்தது. இரைச்சலைத் துரத்திப் பிடிப்பதில் அவளுக்கு அப்படி ஒரு வெறி. "இரு, ஒரு கை பார்த்துடுவோம்."

முதலில் ஆம்ப்பிலிருந்து கிட்டார் ஒயரைப் பிடுங்கினாள். உறுமல் அடங்கியது. அப்படியென்றால் ஆம்ப்புக்குள் கோளாறு இல்லை. புது ஒயர் போட்டாள். உறுமல் வந்துவிட்டது. தன்னுடைய பழைய கிட்டாரை எடுத்துச் செருகினாள். அதிலும் அதே உறுமல். ஒயரும் இல்லை, கிட்டாரும் இல்லை. ஒவ்வொன்றாகக் கழிய, அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது. கணவர் மணியைப் பார்த்தார். பன்னிரண்டு.

மின்னல் பையைத் துழாவி ஒரு சின்ன பிளக்கை எடுத்தான். அதில் மூன்று காலுக்குப் பதில் இரண்டுதான். "அக்கா, எர்த் பின் இல்லாத பிளக் இது. மேடையில இரைச்சல் வந்தா இதைத்தான் போடுவோம். சில சமயம் சத்தம் நின்னுடும்."

"அதைத் தூக்கி உள்ள வை. அந்த மூணாவது கம்பி இரைச்சலுக்காக இல்ல. பெட்டியில எங்கயாவது கரண்ட் கசிஞ்சா, அது உன் உடம்பு வழியா போகாம மண்ணுக்குப் போறதுக்கு." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். "பாடும்போது உனக்கு ஏதாவது ஒரு மாதிரி இருந்துச்சா?"

"உதட்டுல லேசா சுருக்குனு இருந்துச்சு. புது மைக்குன்னு நெனச்சேன்."

அவள் கையை நீட்டித் தடுத்தாள். "கிட்டாரைக் கழட்டி ஸ்டாண்டுல வை. மைக்குப் பக்கம் போகாத."

வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்துவந்தாள். ஒரு முனையைக் கிட்டார் கம்பியில் வைத்தாள், மறுமுனையை மைக்கின் வலையில். எண் எகிறித் தொண்ணூற்று நான்கில் நின்றது.

"அது என்ன கணக்கு?" என்றார் கணவர்.

"கிட்டாருக்கும் மைக்குக்கும் நடுவுல தொண்ணூத்தி நாலு வோல்ட்டுங்க. இவன் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு மைக்குல வாயை வச்சிருக்கான்."

மின்னல் பேயறைந்தவன் போலத் தன் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அவள் ஆம்ப்பை அணைத்து, அடுத்த அறையிலிருந்து நீள ஒயர் இழுத்து, அங்கிருந்து கரண்ட் கொடுத்தாள். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உறுமல் இல்லை. மீட்டரில் பூஜ்யம்.

"சிக்கிடுச்சுங்க," என்றாள். "ஆம்ப் இல்ல, கிட்டார் இல்ல. இந்தச் சுவர்ல இருக்குற பாயிண்ட்தான்."

கணவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். டார்ச்சை அவர் பிடிக்க, அவள் அந்த பிளக் பாயிண்டின் திருகுகளைக் கழற்றிப் பலகையை இழுத்தாள். உள்ளே பச்சை நிற எர்த் கம்பி எதிலும் சேராமல் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது மாட்டியிருக்க வேண்டிய திருகின் தலையில் சுவரின் அதே வெளிர்நீலப் பெயிண்ட். பெயிண்ட் அடித்தவர் பலகையைக் கழற்றி மாட்டியபோது கம்பி நழுவியதை யாரும் பார்க்கவில்லை.

"பெட்டியில வழக்கமா லேசா கசியுற கரண்ட் மண்ணுக்குப் போக முடியாம, கிட்டார் வழியா உன் மேல ஏறப் பாத்துருக்கு," என்றாள். கம்பியின் நுனியைச் சுரண்டி, திருகில் சுற்றி, இறுக்கினாள். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். ஆம்ப்பைப் பழையபடி அதில் செருகி, மெயினைப் போட்டதும் மீட்டரை வைத்தாள். பூஜ்யம். அப்புறம்தான் அவனை மைக்குக்கு அருகில் விட்டாள்.

இப்போது இன்னொரு சத்தம் கேட்டது. உறுமல் இல்லை, கொசு பறப்பது போல ஒரு ரீங்காரம். முதலில் உறுமலுக்கு அடியில் ஒளிந்திருந்தது, பிறகு கிட்டார் ஸ்டாண்டில் ஜன்னலைப் பார்த்து நின்றதால் கேட்கவில்லை. மின்னல் கிட்டாரோடு அறைக்குள் மெல்லத் திரும்பினான். ஜன்னல் பக்கம் திரும்பினால் குறைந்தது, விளக்குப் பக்கம் திரும்பினால் ஏறியது.

"என்னங்க, அந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சுவிட்ச்தான் இந்தக் கொசு."

"அழகா இருக்கும்னு நான்தான் போடச் சொன்னேன்," என்றார் கணவர், திருதிருவென விழித்துக்கொண்டு.

"அழகாத்தான் இருக்கு. அணைச்சிடுங்க."

அணைத்தார். அறை நிசப்தமானது. மின்னல் ஆம்ப்பின் குமிழை முழுக்கத் திருப்பினான். அப்போதும் சத்தமில்லை. அவன் சிரித்துவிட்டான். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாய்ந்து ஓடி வந்து பதிவுப் பட்டனைத் தட்டினாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் நின்று அவன் பாடினான். முதல் தடவை வரி மறந்தது. இரண்டாவது தடவை கடைசி வரை போனான். பாட்டின் நடுவே அவன் வாசிப்பதை நிறுத்தி மூச்சு இழுக்கும் ஓர் இடம் இருந்தது. அந்த மூச்சு அப்படியே காதில் விழுந்தபோது அவளுக்குப் புல்லரித்தது. பக்கத்தில் கணவர் அவள் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றேகாலுக்கு மின்னல் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினான். பாதி வழியில் திரும்பி, "அக்கா, அந்த ரெண்டுகால் பிளக்கைக் குப்பையில போட்டுட்டேன்," என்று கத்திவிட்டுப் போனான்.

அவள் மீட்டரைக் கையில் எடுத்தாள். "வாங்க, இன்னும் பதினோரு பாயிண்ட் இருக்கு. ஒன்னு விடாம பாத்துட்டுத்தான் வீட்டுக்கு."

கணவர் டார்ச் பட்டனைத் தட்டினார்.