இரும்பு விலைக்கு ஆறு தறிகள்

அப்பாவின் நாற்பதாம் நாள் ஓதல் முடிந்து, கசப்புக் காப்பி குடித்தவர்கள் செருப்பைத் தேடிக் கிளம்பியதுமே ஷவ்கி பாகப்பிரிவினைக் காகிதத்தை எடுத்துவிட்டான். இன்ஷிராஹுக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. எகிப்தின் நெசவு நகரமான மஹல்லாவில் அப்பா விட்டுப்போனவை இரண்டு: வாடகைக் கொட்டகையில் ஓடும் ஆறு துவாலைத் தறிகள், வங்கியில் பன்னிரண்டு லட்சம் பவுண்டு. அண்ணன் ஷவ்கிக்கும் தம்பி ரிஃபாத்துக்கும் இரண்டிரண்டு பங்கு, பெண்ணான அவளுக்கு ஒன்று. அதில் அவளுக்குச் சண்டை இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் அந்தத் தறிகளைக் கட்டி மேய்த்தவள் அவள்தான். இவர்கள் இருவருக்கும் அறுந்த இழையை முடிச்சுப் போடக்கூடத் தெரியாது.

அடுத்த பத்து வருடத்துக்குப் பணத்தை எதில் போடுவது என்று அவளும் எழுதி வைத்திருந்தாள். பழைய ஆறும் ஓட, புதிதாக இரண்டு தறி. நூல், கரண்ட், கூலி எல்லாம் போக ஐந்தாம் வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். ஷவ்கி அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதன் மேலேயே டீ கிளாசை வைத்தான்.

"தறியில போட்ட காசு தறியோட போச்சு. பேங்கு பத்திரத்துல போட்டா கால் மேல கால் போட்டு உக்காந்துக்கலாம். மாசாமாசம் வட்டி வந்து வாசலைத் தட்டும்."

"மூணு வருஷம் தட்டும். அப்புறம் வட்டியக் குறைச்சா? போன தடவ பவுண்டு விழுந்தப்ப சோறு போட்டது யாரு, பத்திரமா, தறியா?"

"பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டு கணக்கு?" என்று ரிஃபாத் சிரித்தான்.

பாகம் பிரித்துவைக்க வந்திருந்த மெத்வல்லி சித்தப்பா, ஷவ்கியின் காகிதத்தை உரக்கப் படித்தார். "ஆறு தறி, பழைய இரும்பு விலைக்கு மூணு லட்சம். பேங்குல பன்னெண்டு. மொத்தம் பதினஞ்சு. இன்ஷிராஹ் பங்கு மூணு லட்சம்."

கீழே அண்ணன் தம்பி இருவர் கையெழுத்தும் இருந்தது.

அவள் உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு தறியே நாலு லட்சம் போகும் என்று தெருமுனை டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். அவள் பங்கைக் கரைக்க ஓடுகிற தறியைப் பழைய இரும்பாக்கியிருக்கிறார்கள், பாவிகள். கத்தத்தான் வாயைத் திறந்தாள். கத்தவில்லை.

"நல்லா விசாரிச்சியா அண்ணா?"

"காயலாங்கடைக்காரனையே கூட்டிட்டு வந்து காட்டியாச்சு. அல்லா மேல சத்தியமா மூணுக்கு மேல ஒரு காசு பெறாது."

"சரி. எனக்குப் பணம் வேணாம். அந்த மூணு லட்சத்துக்கு இரும்பையே குடுங்க. பன்னெண்டையும் நீங்க பத்திரத்துல போட்டுக்கிட்டு உக்காருங்க. எழுதுங்க சித்தப்பா."

ரிஃபாத்தின் சிரிப்பு நின்றது. ஷவ்கி துள்ளி எழுந்தான். "பைத்தியமாடி உனக்கு? அது இருபத்திநாலு லட்சத்துச் சொத்து!"

சித்தப்பா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "அப்ப எதை எழுத? மூணுன்னா தறி அவளுக்கு. இருபத்திநாலுன்னா அவ பங்கு ஏழு லட்சத்துக்கு மேல. பள்ளிவாசல்ல உன் சத்தியம் என்னாச்சுன்னு கேப்பாங்க, நீயே பதில் சொல்லிக்க."

தடுக்க வந்த ரிஃபாத்தின் கையை ஷவ்கி தட்டிவிட்டான். "பொய்ச் சத்தியம் பண்ணினவன்னு ஊர் சொல்ல வேணாம். மூணுன்னே எழுதுங்க."

இன்ஷிராஹ் டீ கிளாசைத் தூக்கி அவன் கையில் திணித்து, கறைபட்ட தன் காகிதத்தை உருவிக்கொண்டாள். ஜெயித்தும் கோபம் அடங்கவில்லை.

"கேட்டிருந்தா கூட்டாவே ஓட்டியிருப்பேன்டா," என்றாள். சொல்லும்போது குரல் உடைந்ததுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.