மேனேஜருக்கு ஒரு ஹாரன்

டிரைவர் வீட்டு நாய்க்கு மேனேஜர் என்று பேர். யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. அதைப் பார்த்து அவர் மனைவி வைத்த பேர். காலையில் அவர் பஸ் டிப்போவுக்கும் அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் கிளம்பிவிட்டால், சாயங்காலம் வரை மாடி வீட்டில் மேனேஜரின் ராஜ்ஜியம்தான்.

அந்த ராஜ்ஜியத்துக்கு ஆபத்து கீழ்வீட்டிலிருந்து வந்தது. வீட்டுக்கார அம்மா ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கும் நர்ஸ். பகலில் தூங்கினால்தான் உண்டு.

"தம்பி, நாய் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா நீங்க போனப்புறம் அது ஊளையிடுறது இருக்கே, தாங்க முடியல. நேத்து ஊசியைக் கையில வச்சுக்கிட்டே கண்ணு சொக்கிடுச்சு. பேஷன்ட்தான் என்னை எழுப்பிவிட்டாரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஏதாவது வழி பண்ணுங்க. இல்லேன்னா வேற இடத்துல விட்டுடுங்க."

நியாயமான பேச்சு. டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டு மாடியேறினார். வேறு இடம் என்றால் மச்சானுடைய குடோன்தான். காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று அந்த ஆள் நெடுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். இரும்புக் கதவோரம் சங்கிலியில் மேனேஜரை நினைத்துப் பார்த்ததும் டிரைவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ரேடியோவைப் பாட விட்டுவிட்டுப் போனார்கள். டிரைவர் தன் பழைய சட்டையைப் படுக்கையில் விரித்துவைத்தார். விடிவதற்கு முன்பே நாயைத் தெருத் தெருவாக நடத்திக்கொண்டு போனதில் இவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஊளை மட்டும் நிற்கவில்லை.

ஒரு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு அது பெரிதாகவும் தோன்றவில்லை. இப்போது ஓட்டுகிற ரூட் அவருடைய சொந்தத் தெரு வழியாகவே போகிறது. வளைவில் திரும்பியதும் குட்டியாக இரண்டு ஹாரன், நீளமாக ஒன்று. உடனே மாடி ஜன்னலில் மேனேஜரின் மூஞ்சி தெரியும், ஒரு குரைப்பு கேட்கும். 'இங்கதாண்டா இருக்கேன், பயப்படாதே' என்று அதற்கு அர்த்தம். நர்ஸ் அம்மா புகார் சொன்ன பிறகு, பிள்ளை ரொம்ப ஏங்கிப்போயிருக்கிறான் என்று நீளமாக இன்னொரு ஹாரனையும் சேர்த்துக்கொண்டார். நல்ல மனசுக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

வெள்ளிக்கிழமை காலை, மூன்றாவது ட்ரிப். வளைவில் திரும்பினார், வழக்கம்போல ஹாரன் அடித்தார். மேனேஜரும் தவறாமல் ஜன்னலுக்கு வந்து குரைத்தது. ஆனால் கீழே கேட்டருகில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி தூக்கம் கெட்ட கண்களோடு நர்ஸ் அம்மா. இன்னொருத்தி, இந்நேரம் கண்ணாடிக் கடையில் இருந்திருக்க வேண்டிய அவர் மனைவி. அவள் கை காட்டினாள். ஸ்டாப் இல்லாத இடத்தில் பஸ் நின்றது.

அவள் ஏறினாள். "அண்ணி, உங்களுக்கெதுக்கு டிக்கெட்" என்று கண்டக்டர் குழைந்தபோது, "குடுங்க, சண்டை போட ஏறியிருக்கேன்" என்று வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, இன்னைக்கு லீவு போட்டுட்டு, கடைக்குப் போற மாதிரி எறங்கி கீழ நர்ஸ் அக்கா வீட்டுல ஒளிஞ்சு உக்காந்திருந்தேன். நாம கிளம்பினதும் மேல ஒரு சத்தமில்ல. நல்லாத் தூங்குறான். உங்க ஹாரன் கேட்டதும் அடிச்சுப் புடிச்சு ஓடி வர்றான். நீங்க நிக்காம போனதும் அழ ஆரம்பிக்கிறான். ஓஞ்சு படுத்தா, அடுத்த ட்ரிப்புக்கு மறுபடியும் நீங்க."

"தனியா இருக்கானேன்னுதான்..."

"எல்லாரும் நாயை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் விட்டுட்டுப் போவாங்க. நீங்க ட்ரிப்புக்கு ஒரு தடவை விட்டுட்டுப் போறீங்க."

டிரைவர் பஸ்ஸை மெல்ல நகர்த்தினார். பின்னால் ஜன்னலிலிருந்து அந்த ஊளை துரத்திக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் இன்ஜின் சத்தத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. பாவி, நான்தானா என்று மனசு அடித்துக்கொண்டது.

"அவன் நல்லாத்தான் இருக்கான். உங்களைத்தான் தனியா விட முடியல" என்றாள் அவள். குரலில் சண்டை குறைந்திருந்தது. முன்சீட்டுக்காரர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள்.

அடுத்த ட்ரிப்புக்குள் விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது, உபயம், கண்டக்டர். வளைவு வந்தது. டிரைவரின் கை தன் பாட்டுக்கு ஹாரன் பக்கம் போனது. இழுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். பஸ் ஊர்ந்தது. ஜனங்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தார்கள். நர்ஸ் அம்மா வீட்டில் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது.

மாடி ஜன்னலில் மேனேஜர் விழித்துக்கொண்டுதான் இருந்தது. இவருடைய பஸ்ஸை முன்னாலிருந்து பின்னால் வரை நிதானமாகப் பார்த்தது. தெருவில் போகிற எத்தனையோ பஸ்களில் இதுவும் ஒன்று என்பதுபோலப் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. பிறகு திரும்பி உள்ளே போய்விட்டது.

"என்னண்ணே, உங்களைக் கண்டுக்கவே இல்லையே" என்றான் கண்டக்டர்.

டிரைவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

"நீ பாட்டுக்கு விசிலை ஊதிடாதே," என்றார் மெதுவாக. "இப்பதான் படுக்கப் போறாரு."