மூன்று தலைமுறைப் புண்ணியம்

சியோலில் நான் வேலை பார்க்கும் பல் கட்டும் பட்டறையில் என்னைப் பார்த்துப் பொறாமைப்படாத பெண்ணே கிடையாது. அழகுக்காகவோ சம்பளத்துக்காகவோ அல்ல. என் புருஷன் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். அவர், கியூஹோ, தெற்கே டேகு நகரத்தில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை காலையில் வருவார், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். எங்களைப் போன்றவர்களுக்கு நாட்டில் ஒரு பெயரே உண்டு: வாரக்கடைசித் தம்பதி. அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்.

“மூணு தலைமுறை புண்ணியம் பண்ணியிருந்தாத்தான் இப்படி அமையும்! குடுத்து வெச்சவடீ யோன்ஜு!”

என் வாயும் சும்மா இருக்காது. “எங்க வம்சத்துல நாலு தலைமுறையாக்கும். ஒரு கிண்ணம் கழுவறேன், ஒருத்தி துணி துவைக்கறேன், ராணி மாதிரி இருக்கேன்” என்று எடுத்துவிடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ராணியின் லட்சணம் வீட்டுக்கு வந்து பார்த்தால் தெரியும். என் சோற்றுக் குக்கர் பேசுகிற ரகம். “சோறு தயார். நன்றாகக் கிளறிவிடவும்” என்று ஒரு பெண்குரலில் சொல்லும். “சரிம்மா, கிளறறேன்” என்று நான் பதில் சொல்வேன். முதலில் விளையாட்டாகத்தான் சொன்னேன். பிறகு ஒரு வியாழக்கிழமை, பட்டறையை விட்டு வந்ததிலிருந்து அன்று நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான் என்று உறைத்தது. கிளறாமலே குக்கரை மூடி வைத்துவிட்டேன்.

ஆறு வருஷம் முன்பு அவர் வேலை பார்க்கும் அரசு வாரியத்தின் தலைமை அலுவலகத்தையே சியோலிலிருந்து பெயர்த்து டேகுவுக்குக் கொண்டுபோனார்கள். அவரும் கூடவே போனார். என் பட்டறை வேலையை விட எனக்கு மனசில்லை. பதினான்கு வருஷம் கை பழகிய வேலை. ‘ரெண்டு வருஷம் பார்ப்போம்’ என்றோம். ரெண்டு ஆறாயிற்று.

இந்த வசந்தத்தில் அவருடைய ஒற்றை அறைக்கும் என் வீட்டுக்கும் வாடகைக் கெடு ஒரே மாதத்தில் முடிகிறது. இனி சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். எங்கே என்பதுதான் சண்டை. டேகுதான் என்றாள் மாமியார். “சியோலை விட்டுட்டுப் போனா திரும்பி வரவே முடியாதுடீ” என்றாள் என் அக்கா. கடைசியில் அவர்தான் ஒரு வழி சொன்னார்.

“நடுவுல வாங்கிடலாம். டேஜான்ல. புல்லட் ரயில்ல உனக்கு ஒரு மணி நேரம், எனக்கு முக்கால் மணி. உனக்குத்தான் கால் மணி கூட. கோச்சுக்காத.”

கோபமா! தினமும் ராத்திரி ஒரே வீட்டுக்குத் திரும்பலாம் என்றால் நான் சியோல் வரை நடந்தே போவேன். இதை அவரிடம் சொன்னேனா? இல்லை. “கால் மணிக்கு எனக்கு என்ன தருவீங்க?” என்று கேட்டுச் சிரித்தேன். என் வாய் அப்படி.

ஞாயிறு மதியம் டேஜானில் வீட்டுத் தரகரம்மா எங்களை ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிப்போனாள். அறுபது வயதிருக்கும், பூனைக்குட்டி படம் போட்ட முகக்கவசம் போட்டிருந்தாள். கதவைத் திறந்து, எங்களுக்கு வீட்டுச் செருப்பை எடுத்துப் போடும்போதே வேலை எங்கே, ஊர் எங்கே என்று எல்லாவற்றையும் கறந்துவிட்டாள்.

“அடடே, வாரக்கடைசித் தம்பதியா? மூணு தலைமுறை புண்ணியமாச்சே! அத விட்டுட்டு ஏம்மா வீடு வாங்கி வம்புல மாட்டிக்கறீங்க?”

“அதானேம்மா! தினமும் இவருக்கு ஆக்கிப்போடணும்னு நெனச்சா இப்பவே கை வலிக்குது” என்றேன். தரகரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. காலி வீடு, தெற்குப் பார்த்த கூடம், வெயில் தரை முழுக்கப் படுத்திருந்தது. பெரிய படுக்கையறையில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு அவரைத் தேடினேன். சமையலறைக்குப் பின்னால், சாமான் போட்டு வைக்கத்தான் லாயக்கு என்று தோன்றும் ஒரு சின்ன அறையில் மண்டியிட்டு, அளவு நாடாவால் சுவரை அளந்துகொண்டிருந்தார். பென்சிலால் ஒரு கோடு வேறு போட்டிருந்தார்.

“இங்க என்ன அளக்கறீங்க?”

“ஒத்தைக் கட்டில் சரியா உக்காருது. எனக்கு இது போதும்.”

“என்ன போதும்?”

“நான் முதல் வண்டியப் பிடிக்க நாலே முக்காலுக்கு எழுந்திருக்கணும். அலாரம் அடிச்சா உன் தூக்கம் கெடும். நீயும் இத்தன வருஷம் தனியா நிம்மதியா இருந்து பழகிட்ட. நான் வந்து நடுவுல படுத்துக்கிட்டா தொந்தரவுதான்.”

அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்கிற முகத்தோடுதான் சொன்னார். அதுதான் என்னைப் பதற வைத்தது.

“நிம்மதியா இருக்கேன்னு யார் சொன்னா?”

“நீதான்.”

“நானா? எப்போ?”

“எப்பவும்தான். இப்பகூட அந்தம்மாகிட்ட சொன்னியே. ரெண்டு வருஷம் முன்னாடி சூசோக் பண்டிகைக்கு அம்மா வீட்ல வடை தட்டிக்கிட்டு அண்ணிகிட்ட என்ன சொன்ன? ‘அவரு மாத்தல் வாங்கிட்டு வந்துடாம இருக்கணும், அதுதான் என் பிரார்த்தனை’ன்னு சொல்லல? தட்டு எடுக்க வந்தேன். வாசப்படியிலேயே நின்னுட்டேன்.”

“அது தமாஷுங்க! நாட்டுல எல்லாரும் சொல்றதுதானே!”

“எல்லாரும் சொல்றாங்கதான்.” நாடாவை மெல்லச் சுருட்டினார். “பண்டிகை முடிஞ்சு போன அடுத்த வாரம், சியோல் கிளையில ஒரு இடம் காலியா இருக்கு, போறியான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன்.”

அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெட்டது போதாதென்று ரெண்டு வருஷத்தை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

“கேட்டா நீ ‘வாங்க’ன்னுதான் சொல்லுவ. பொண்டாட்டி வேற என்ன சொல்லுவா?”

“அந்த இடம் இப்போ?”

“ஆள் போட்டாச்சு. சின்னப் பையன். இன்னும் பத்து வருஷத்துக்கு நகர மாட்டான்.”

வெளியே தரகரம்மா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு வேறொரு குடும்பம் இதே வீட்டைப் பார்க்க வருகிறதாம். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அதை நான் கேட்டதில்லை.

“உங்களுக்கு எப்படி இருந்துச்சு? தனியா இருக்க?”

சுருட்டிய நாடாவைத் தரையில் வைத்தார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

“முதல்ல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ராத்திரியானா உனக்குப் போன் பண்ணலாம்னு எடுப்பேன், நிம்மதியா இருக்கா, ஏன் கெடுக்கணும்னு வெச்சிடுவேன்.”

“இப்போ?”

“பழகிடுச்சு, யோன்ஜு.”

“எனக்குப் பழகல.” குரல் உடைந்துவிட்டது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன். “ஆறு வருஷமாச்சு, எனக்கு இன்னும் பழகலைங்க. ஒரு நாள்கூடப் பழகல. சோத்துக் குக்கரோட பேசிக்கிட்டு இருக்கேன் நான்.”

அவர் என்னையே பார்த்தார். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தி வழி கேட்டால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார். பிறகு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். தோளைத் தொடுவார் என்று நினைத்தேன். கையைத் தூக்கியவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலிலேயே வைத்துக்கொண்டார்.

“பழகிடுச்சுன்னு சொன்னது வலிக்குதா?”

“வலிக்குது.”

“பொய் சொல்லியிருக்கலாம்.”

“வேணாம். நான் பொய் சொன்ன வரைக்கும் போதும்.”

தரகரம்மா எட்டிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்த எங்களைவிட, சுவரில் இருந்த பென்சில் கோடுதான் முதலில் அவள் கண்ணில் பட்டது. “ஐயய்யோ, வாங்கறதுக்கு முன்னாடியே கிறுக்கிட்டீங்களா! சரி, என்ன முடிவு? அவங்க வந்துட்டே இருக்காங்க.”

நான்தான் எழுந்தேன்.

“எடுத்துக்கறோம்மா. ரெண்டு பேர் பேர்லயும் எழுதுங்க.”

“நல்லது. கோட்டை அழிச்சிட்டு வாங்க” என்று போய்விட்டாள். அவர் கட்டை விரலில் எச்சில் தொட்டுச் சுவரைத் தேய்த்தார்.

“அப்போ இந்த அறையில என்ன வைக்கறது?” என்றார், என்னைப் பார்க்காமலே.

“அரிசி மூட்டை வைப்போம், பெட்டி வைப்போம். மனுஷனை வைக்க வேணாம். அலாரம் அடிக்கட்டும். நானும் எழுந்துக்கறேன்.”

“சரி” என்றார்.

மனசார ஒத்துக்கொண்டு சொன்னாரா, எதற்கும் சரி என்று சொல்லிப் பழகிவிட்டதால் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஸ்டேஷனில் அவருக்குத் தெற்கே போகும் வண்டி முதலில் வந்தது. எனக்குப் பத்து நிமிஷம் கழித்து. சியோல் வந்து சேரும்வரை அந்த ஒரு ‘சரி’யைத்தான் மனசுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.